மாப்பிள்ளையின் கூச்சம்

“வா மாப்பிள்ளை. முறுக்கிக்காம வா.”

பல் துலக்கி, டீ குடித்து, ஒரே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவன் மீன் தொட்டியின் முன் உட்கார்ந்தான். தொட்டி விளக்கைப் போட்டான். விரல் நுனியில் ஒரு தீனி உருண்டையை ஒட்டித் தண்ணீரில் வைத்தான்.

நீல ஃபைட்டர் மீன் விரலைப் பார்த்தது. வாலைத் திருப்பிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் போய்விட்டது. மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் அவன் மனைவி.

அலுவலகம் போகும் வழியில் வளர்ப்பு மீன் கடை.

“இன்னும் வரலையா சார்?” கடைக்காரர் சிரித்தார். “பேரு ஃபைட்டர். கூச்சம் புதுப்பொண்ணு மாதிரி!”

“அவ கையில மட்டும் வந்து சாப்பிடும்.”

“வீட்டம்மா கையிலயா? இதுங்களுக்கு ஆள் தெரியும் சார்.”

“ஒரு மாசமா என் கையிலேர்ந்து எதையும் தொடல. செத்துடுமாண்ணே? வீட்டுல இது ஒண்ணுதான்...” அவன் முடிக்கவில்லை.

“நீங்க பார்க்காதப்ப மிதக்கறதைத் தின்னுட்டுதான் உயிரோட இருக்கு. பட்டினி போடுங்க. மூணு நாள் தீனி டப்பாவையே வீட்டுல வைக்காதீங்க. சும்மா பக்கத்துல உட்காருங்க, தினமும் ஒரே சட்டையில. அப்புறம் கையை வைங்க. வயிறு காஞ்சா முறுக்கெல்லாம் இறங்கிடும்.”

டப்பா அவன் பைக்குள் போனது. அலுவலகத்துக்கும் அவனோடு வந்தது. மூன்று நாளும் மாலையில் அதே சட்டையில் தொட்டியருகே உட்கார்ந்தான். மீன் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தான். அவன் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது தொட்டியின் சமையலறைப் பக்கக் கண்ணாடியை ஒட்டி, துடுப்பை விரித்து நின்றிருந்தது. அவனைக் கண்டதும் கல்லுக்குப் பின்னால் போனது.

நான்காம் நாள் காலை விரலை வைத்தான். மாப்பிள்ளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாலையில் பயந்துபோய்க் கடைக்காரரையே வீட்டுக்கு அழைத்து வந்தான். அவர் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டான்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். “சார், இது கூச்சமே இல்ல. வயித்தைப் பாருங்க, கோலிக்குண்டு மாதிரி! இப்படித் தின்னுட்டு உங்க கைக்கு எதுக்கு வரணும்?”

“நான் எதுவும் போடல.”

“இதோ மிதக்குதே.” அவர் ஓர் உருண்டையை எடுத்து நசுக்கிக் காட்டினார். “தண்ணியில விழுந்தா கொஞ்ச நேரத்துல ஊதிடும் சார் இது. இன்னும் ஊறவே இல்ல. இப்பதான் போட்டிருக்காங்க.”

டப்பா அவன் தோளில் தொங்கிய பையில் இருந்தது.

கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருட்டான சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “அம்மா! சாருக்குத் தெரியாம ஊட்டுனது போதும்மா. ஒரு வேளைக்கு மேல போடாதீங்க!”

மீன் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு விரைந்தது.

அவன் பைக்குள் கைவிட்டு டப்பாவைத் தொட்டுப் பார்த்தான். போன மாதம் ஆம்புலன்ஸில், உயிர் போவதற்குச் சற்று முன், அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: “மீனுக்கு நீங்க ஒண்ணும் போட வேணாம். நான் வந்து போட்டுக்கறேன்.”