பதினாலாம் குழியில் அசைந்த பந்து

“வாயில துணியை வச்சுக்கிட்டுப் பேசியிருக்கான். ஆனா எவன்னு எனக்குத் தெரியாமப் போயிடல, தம்பி” என்றார் கிளப் செயலாளர் சுயம்புலிங்கம்.

வெள்ளைத்துரைக்கு முகம் சுண்டிப்போயிற்று. நந்தனத்தில் இருந்த அந்த கோல்ஃப் கிளப்பின் ஆபீஸ் அறையில் அவர்கள் இருவர்தான். பக்கத்து அறையில் படம் போடுவதற்காக ஜன்னல்களில் ஜமக்காளம் கட்டி இருட்டாக்கிக்கொண்டிருந்தார்கள்.

போன் வந்தது காலையில். ‘கடைசி நாள் ஆட்டத்துல, பதினாலாம் குழியில, மெஹபூப் பாஷாவோட பந்து இடது பக்கமா ஒரு விரல்கடை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. நீங்க எடுத்த படத்தைப் போட்டுப் பாருங்க.’ அவ்வளவுதான். பெயரைக் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

பாஷாவும் வெள்ளைத்துரையும் கிளப் மெம்பர்களுக்கு கோல்ஃப் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்கள். போட்டியின் கடைசி நாளான போன ஞாயிறு இருவரும் ஒன்றாகச் சுற்றி வந்து ஆடியதில், ஒரே ஓர் அடி குறைவாக அடித்து பாஷா ஜெயித்திருந்தான். கோப்பையும் அவனுக்கு, கல்கத்தா போட்டிக்குப் போகிற வாய்ப்பும் அவனுக்கு.

ஆனால் அடிக்க மட்டையை ஊன்றிய பிறகு பந்து அசைந்தால் ஓர் அடி அபராதம் உண்டு. அதைச் சேர்க்காமல் அடிக்கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆட்டக்காரன் போட்டியிலேயே இல்லை.

“படம் எடுத்தவன் தூரத்துல நின்னான். பந்து கிடந்தது புல்லுக்குள்ள. பக்கத்துலயே நின்னவனுக்குத்தான் இடது வலது எல்லாம் தெரியும்” என்றார் சுயம்புலிங்கம். “தோத்தவன் நீ. உங்க அண்ணன் ஜவுளிக்கடையில போனும் இருக்கு.”

“சத்தியமா நான் இல்ல, அண்ணாச்சி! நான் அப்ப குழியில நட்டிருந்த கொடியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். பாஷாதான் ‘பந்து ஆடுச்சா துரை’ன்னு கேட்டான். பாக்கலைன்னு சொன்னேன்.”

“ஓ, கேட்டானா?” சுயம்புலிங்கத்தின் புருவம் ஏறியது. “நீ பாக்கலைன்னு உறுதி பண்ணிக்கிட்டுல்ல அடிச்சிருக்கான்!”

ஏன் வாயைத் திறந்தோம் என்றாகிவிட்டது வெள்ளைத்துரைக்கு. அதோடு விட்டதா? அப்படியும் இருக்குமோ என்று அவன் மனசுக்குள்ளேயே ஒரு முள் தைத்தது. பத்து வருஷப் பழக்கம். ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

பாஷா வந்ததும் படத்தை ஓட்டினார்கள். திரையில் வெயிலும் புல்லுமாக ஒரே வெளுப்பு. பாஷா குனிகிறான், மட்டையை ஊன்றுகிறான், அடிக்கிறான். பந்து அரிசி மணி அளவுக்குத்தான் தெரிந்தது.

“ஒண்ணும் தெரியலையே” என்றார் ஒரு மெம்பர்.

“இன்னொரு வாட்டி போடுங்க சார்” என்றான் பாஷா. எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டான். என்ன திண்ணக்கம் இவனுக்கு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

இந்தத் தடவை மெதுவாக ஓட்டினார்கள். மட்டை புல்லைத் தொட்டது. அந்த வெள்ளைப் புள்ளி இடது பக்கமாக மெல்லச் சரிந்து நின்றது. அதற்குப் பிறகுதான் மட்டை மேலே போயிற்று.

“திருட்டுப் பய!” என்றது இருட்டில் ஒரு குரல்.

“ஆமா, ஆடுது” என்றான் பாஷா. யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

ஐந்தே நிமிஷத்தில் பாஷாவின் பெயரை நீக்கி, வெள்ளைத்துரைதான் சாம்பியன் என்று அறிவித்தார்கள். எல்லாரும் கை கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் பிடித்த கையை விடாமல், “நல்ல சமயத்துலதான் போன் வந்துச்சு, இல்ல?” என்று சிரித்தார்.

சாயங்காலம் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் பாஷாவின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, திறந்தது அவன் மனைவி குல்ஷன். அழுது கண்கள் வீங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சந்து முழுக்க மிட்டாய் கொடுத்தவள் அவள்தான். “உள்ள கீறாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பாஷா பனியனோடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் கோபத்தைக் காணோம்.

“வா நைனா. கல்கத்தாவுல செம குளிராம். கம்பளி எடுத்துக்கினு போ.”

அதைத்தான் வெள்ளைத்துரையால் தாங்க முடியவில்லை. “திட்டிடுடா பாஷா! இப்படிப் பேசாத.”

“உன்னை இன்னாத்துக்குத் திட்டணும்?”

“போன் பண்ணது நான்தான்னு கிளப்பே பேசுது. கூட ஆடுனவனைக் காட்டிக்கொடுத்தவன்னு இனிமே எவன் என்கிட்ட கத்துக்க வருவான்? நீயாவது நம்புடா. நான் பண்ணல.”

பாஷா நிமிர்ந்தான். அப்போதுதான் அவன் முகம் மாறியது.

“உன்னையா சொல்றாங்கோ? எனக்கு இது தெரியாதே!”

சட்டென்று எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“எந்திரி, கிளப்புக்குப் போலாம்.”

“இப்ப எதுக்குடா?”

பாஷா அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டான். பிறகு, குல்ஷன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“போன் பண்ணது நான்தான்னு சொல்ல வேணாமா?”