மெட்டுக்காரன்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மாலை. போடிநாயக்கனூர் மைதானத்தில் வளர்பிறை கால்பந்துக் குழு கூடியிருக்கிறது. நட்சத்திர ஆட்டக்காரன் சின்ராசுவை கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஓர் அணிக்கு விற்பதா என்பதுதான் பேச்சு. சின்ராசு தள்ளிப்போய், கோல் கம்பத்தில் சாய்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது; தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. மலைமேல் மெட்டிலுள்ள ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து அவன் இரண்டு வருடமாக இவர்களுக்காக ஆடுகிறான். ஒருவரையொருவர் மாப்ளே என்று கூப்பிட்டுக்கொள்பவர்களுக்கு அவன் இன்னும் மெட்டுக்காரன்தான். கொஞ்ச நாளாக அவன் யாரிடமும் பேசுவதில்லை. “மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே ஆடுறவன் நமக்கெதுக்கு மாப்ளே? ஏலத்துல விட்ருவோம்” என்கிறான் ஜெகதீஷ். ஏலக்காய்க் கடை விஜயபாண்டி உள்ளங்கையில் காயை உருட்டிப் பார்ப்பதுபோல விரலை அசைக்கிறான். “பருவெட்டுக் காய்டா, பெரிய ரகம், நல்லா வெல போகும்.” எல்லோரும் சிரிக்கிறார்கள். கேப்டன் காமராஜ் திரும்பிப் பார்க்கிறார். “ஏப்பா மெட்டுக்காரா, ஒனக்குச் சம்மதந்தான?” இரு மாப்ளே என்று ஒரு குரல் வந்தால் இருந்துவிடலாம் என்று சின்ராசு காத்திருக்கிறான். சாலையில் ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு மெட்டுக்கு ஏறுகிறது. “ஒங்க இஷ்டம்ணே” என்கிறான். கைகள் உயர்கின்றன. விற்பதென்று முடிவாகிறது.