நோரீன் மறக்காத வார்த்தைகள்

அக்டோபர் 9, கிளீவ்லாண்ட். பேராசிரியர் ஹாலோவேயின் உதவியாளராக, மாலை வகுப்பில் நடந்த ஞாபகசக்திச் சோதனையில் இரண்டு படங்களை வரிசை மாற்றிக் காட்டிவிட்டேன், என் கவனக்குறைவு.

"ப்ளா ப்ளா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, திரையில் பார்த்த படங்களையும் வார்த்தைகளையும் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். படங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தன. வார்த்தைகள்தான் பறந்துபோயின. நோரீன் என்ற மாணவி மட்டும் வார்த்தைகளையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

பேராசிரியர் ஹாலோவே சீறினார். "வாய் ஓடிட்டே இருந்தா யாருக்கும் வார்த்தை நிக்காதும்மா! காப்பியடிச்சிருக்க. டீன்கிட்ட சொல்லி உன்னை வெளியேத்துறேன், பாரு."

"காப்பியா? போன வருஷமும், அதுக்கு முந்தின வருஷமும் இதே வார்த்தைங்களைத்தானே போட்டீங்க, ப்ரொபசர்!"

"உனக்கெப்படித் தெரியும்?"

"இதே வகுப்புலதான் இருந்தேன். ரெண்டு தடவையும் என்னை ஃபெயிலாக்கினதே நீங்கதான்."

அவர் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வகுப்பே சிரித்தது.

நாளைய வேலை: பேராசிரியருக்குப் புதிய வார்த்தைகள் தேடித் தர வேண்டும்.