பாதி வார்த்தை

வேலூரில் கத்திரி வெயில் கொளுத்திய அந்த மத்தியானம் கரண்டும் போய்விட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து தணிகாசலத்தின் மூளைக்குத் துணையாக ஓடிக்கொண்டிருந்தது, காதுக்குப் பின்னால் பதித்த ஒரு சிப். சூடேறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவருடைய நினைப்பும் பேச்சும் அதோடு சேர்ந்து மந்தமாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து மகள் பூங்குழலி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். இதய ஆபரேஷனுக்கு அவளை உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள்.

"அப்பாகிட்ட குடும்மா. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

மரகதவல்லி போனைக் கணவரின் காதில் வைத்தாள்.

"பயப்..." என்று தொடங்கியவர், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார்.

அவள் ஈரத்துண்டைப் பிடரியில் போட்டாள், விசிறினாள், "கொஞ்சம் வேகமா ஓடேன்" என்று சிப்பிடமே கெஞ்சினாள். "உங்கள் பாதுகாப்புக்காக வேகம் குறைக்கப்பட்டுள்ளது" என்று அது பணிவாகச் சொன்னது.

"அப்பா? பேசுங்கப்பா... கூப்பிடறாங்க..."

போன் அடங்கிப்போனது.

வெயில் தாழ்ந்து காற்று வந்த பிறகுதான் அவர் உதடு அசைந்தது. "...படாத கண்ணு. அப்பா இருக்கேன்ல."

இடையில் பொழுது போனதே அவருக்குத் தெரியவில்லை. சிரித்த முகத்தோடு மனைவியைப் பார்த்தார்.

"என்ன வல்லி, புள்ள சத்தத்தையே காணோம்?"

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் ஒரு தகவலும் வரவில்லை.

"நீங்க சொன்னதக் கேட்டுட்டுத்தாங்க உள்ள போனா" என்றாள் மரகதவல்லி.