எடைக்குப் போட்ட பூ

ராயபுரம் விறகுத் தொட்டியில் ரயில் இஞ்சின்களின் கரித்தூசி மாலை வெயிலில் மினுங்குகிறது. தராசில் எடை கொஞ்சம் குறைகிறது. கடைக்காரர் ஜாபர் ஒரு சுள்ளிக்கட்டை எடுத்து ஆலிஸ் டீச்சரின் விறகின் மேல் எறிகிறார். அதில் வாடிய நீலப் பூக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆலிஸ் குனிகிறாள். சதுரத் தண்டு, இலையடியில் வெள்ளை ரோமம். அதே புதர். கொல்லிமலையில் ஓடைக்கு மேலே ஒரே ஒரு சரிவில் அதைப் பார்த்திருக்கிறாள். விடுமுறைதோறும் ஏறியும் இலைதான் கிடைத்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத செடி; பூவைப் பார்க்காமல் பெயர் வைக்க முடியாது என்று, அவள் இலையை அனுப்பிய ஆராய்ச்சிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் கையை விரித்துவிட்டார்கள். இதழ்களைப் பிரிக்கிறாள். துறைமுகத்தில் சங்கு ஊதுகிறது. “இது எங்கே வெட்டினது பாய்?” “கொல்லிமலை சரக்கு டீச்சர். ஓடைக்கு மேல சரிவு கீது பாரு, காப்பித் தோட்டம் போடறதுக்கு அத்த மொட்டையடிச்சிட்டாங்கோ. இந்தப் பொதரெல்லாம் வேரோட தோண்டிக் கொளுத்தியாச்சு. கடசி லோடு இது. எரியாது, பொகயும். வோணாம்னா சொல்லு, வேற கட்டை போடறேன்.” “வேண்டாம், இதுவே இருக்கட்டும்” என்கிறாள். இனி தாராளமாகப் பெயர் வைக்கலாம். பெயர் சொல்லிக் காட்டத்தான் மலையில் ஒரு செடி இல்லை.