எட்டாத கிளாம்ப்

"அளவு சரிதான் அக்கா. அதனாலதான் மாத்திக் கேக்கறேன்."

கடைக்காரம்மா ஆணிகளைப் பிரித்துப் போடுவதை நிறுத்தினாள். கவுண்டர் மேல் நாலு கிளாம்ப், ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடிகள். நாலடி நீளம். சுற்றியிருந்த பிளாஸ்டிக்கூடக் கிழிக்கவில்லை.

"சரியா இருந்தா எதுக்கு சார் மாத்தணும்?"

"ஒன்றரை அடி குடுங்க."

இந்த ஆளை அவளுக்குத் தெரியும். வீட்டு ஷெட்டில் பட்டறை போட்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தச்சர். புதன்கிழமை வந்தபோது என்ன செய்கிறார், எத்தனை அகலம், பலகை என்ன கனம் என்று குடைந்து குடைந்து கேட்டு, அவளே எடுத்துக் கொடுத்தவை இவை. இத்தனை வருஷத்தில் அவள் கொடுத்த அளவு தப்பென்று யாரும் திரும்பி வந்ததில்லை.

இன்றைக்கு நேரமே சரியில்லை. காலையில் கடை திறந்ததும் ஒருத்தி வந்தாள். மூக்குக்கண்ணாடிக் காம்பை நீல நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள். மூடி திறக்காத பசை சீசாவை வைத்து, "இது சீக்கிரம் காஞ்சிடுமாமே" என்றாள். அதற்குத்தானே வாங்குகிறார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. மெதுவாகக் காயும் பசையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நல்லதைக் கொடுத்துவிட்டு மட்டத்தை வாங்கிப் போகும் நாள் போலிருக்கிறது.

"சார், மேஜை அகலம் என்ன சொன்னீங்க?"

"மூன்றரை அடி. துணி வெட்டுற மேஜை."

"மூன்றரை அடிப் பலகையை ஒன்றரை அடி கிளாம்ப் எப்படிப் பிடிக்கும்?"

"பிடிக்காது."

"எட்டவே எட்டாதே."

"எட்டாது."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆள் தெளிவாகத்தான் இருந்தார்.

"காரணம் சொன்னாத்தான் மாத்துவேன். இல்லேன்னா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது."

அவர் வாசலைப் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"மேஜை என் வீட்டுக்காரிக்கு. தையல் வேலை செய்யறா. தனியா வீடு பார்த்திருக்கா. எதுவும் வேணாம், பெரிய மேஜை ஒண்ணு மட்டும் பண்ணிக் குடுங்கன்னா. மேஜை முடிஞ்சதும் வண்டி வரும். மேஜையும் போகும், அவளும் போயிடுவா."

கடைக்காரம்மா கையில் இருந்த ஆணியை டப்பாவில் போட்டாள்.

"சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் பரவாயில்லையே. பேச்சே இல்லை. குழம்புல உப்பு கம்மின்னாக்கூட நானே எழுந்து போய்ப் போட்டுக்குவேன்."

"அதுக்கு மேஜையைக் கெடுக்கப் பாக்கறீங்களா? பாவம் சார் அது."

"கெடுக்கலை. வாக்குக் குடுத்திருக்கேன், நல்லபடியா முடிச்சுடுவேன். போன ஞாயித்துக்கிழமை முதல் ரெண்டு பலகையை ஒட்டினேன். அப்ப கிளாம்ப் கிடையாது. வேற வழியில்லாம அவளைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். ரெண்டு கையாலயும் அழுத்தி, வயித்தால முட்டுக் குடுத்துக்கிட்டு நின்னோம். அரை மணி நேரம். விட்டுட்டுப் போக முடியாது பாருங்க."

"பேசினாங்களா?"

"முதல்ல இல்லை. மூக்கு அரிக்குதுன்னா. என் கையும் காலியா இல்லை. சிரிச்சுட்டா." அவரும் லேசாகச் சிரித்தார். "அப்புறம் பேசினோம்."

"அப்படி இருக்கும்போது புதன்கிழமை எதுக்குய்யா என்கிட்ட வந்து கிளாம்ப் வாங்கினீங்க?"

"பழக்கம் அக்கா. குறைன்னு ஒண்ணு தெரிஞ்சா உடனே சரி பண்ணத் தோணும். வீட்டுக்குப் போய் பையைக் கீழ வச்சப்பதான் உறைச்சுது. நாளைக்கு அடுத்த பலகை ஒட்டணும். இதை மாட்டினா அவ எதுக்கு?"

"வாங்காத மாதிரியே இருந்துடறதுதானே?"

"பையை அவ பார்த்துட்டா. அளவுதான் தெரியாது. கடையில தப்பாக் குடுத்துட்டாங்கன்னு சொல்லிடலாம்."

"அடப்பாவி! பழி என் மேலயா?"

"மன்னிச்சுக்குங்க."

கடைக்காரம்மா முணுமுணுத்தபடி ஏணியில் ஏறினாள். மேல்தட்டில் ஒன்றரை அடி கிளாம்ப்களைத் தேடினாள். இத்தனை வருஷப் பெயர், ஒரே நாளில் போகப்போகிறது.

"என்னதான் பேசினீங்க அவ்வளவு நேரம்?"

"பெரிசா ஒண்ணுமில்லை. நேருக்கு நேர் நின்னா முகத்தைத்தானே பார்க்கணும்? அவ கண்ணாடிக் காம்பு உடைஞ்சிருக்கு. நீல நூல் சுத்தி வச்சிருக்கா. எப்ப உடைஞ்சுதுன்னு கேட்டேன். மழைக்காலத்துக்கு முன்னாலேன்னா." கவுண்டர் மேல் இருந்த கிளாம்ப்களை ஓரமாகத் தள்ளினார். "எனக்குத் தெரியவே இல்லை அக்கா."

ஏணியில் கடைக்காரம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு இறங்கி, நாலு கிளாம்ப்களையும் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

அவர் வாங்கிக்கொண்டு படி வரை போனார். திரும்பினார்.

"ஒண்ணுதான் உதைக்குது. இதோட சேர்த்து ஒரு பசை குடுத்தீங்களே, அஞ்சு நிமிஷத்துல காயுமே, அதையும் மாத்தலாம்னு பார்த்தேன். வச்ச இடத்துல காணோம். வீட்டையே புரட்டிட்டேன்."

கடைக்காரம்மா திரும்பி அலமாரியைப் பார்த்தாள். மூடி திறக்காத அந்த சீசா, காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

"தேடாதீங்க தம்பி" என்றாள். "அதை உங்களுக்கு முன்னாலயே ஒருத்தங்க மாத்திட்டுப் போயிட்டாங்க."