மின்வேலி

மண்ணுக்கடியில் செம்பு இருக்கிறதா என்று மின்காந்த அலையை அனுப்பிப் பார்க்கும் கருவி, ஓர் அம்மாளின் நிலத்தில் மட்டும் தேனீக்கூடு மாதிரி இரைந்தது.

"ஒண்ணும் புரியல சார்" என்று உதட்டைப் பிதுக்கினார் ஆபரேட்டர்.

"வேலியில ஓடுற கரண்டுதான் கெடுக்குது. ஒரு மணி நேரம் நிறுத்துங்கம்மா" என்றார் அதிகாரி.

"மாடெல்லாம் ஓடிடும். நீங்க பிடிச்சுத் தருவீங்களா?"

"செம்பு கிடைச்சா சுரங்கக் கம்பெனியே நல்ல விலைக்கு நிலத்தை எடுத்துக்கும்மா."

"பக்கத்து ஊரை எடுத்த லட்சணத்தைத்தான் பார்த்தோமே!"

அதிகாரி அந்த நிலத்தை வரைபடத்தில் அடித்துவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார். மாடுகளை எண்ணுவது அவர் வேலையில்லை.

ஒயரைச் சுருட்டும் சாக்கில் ஆபரேட்டர் அம்மாளை நெருங்கினார்.

"நிலம் தப்பிச்சுது அத்தை. ஆமா, மாடு எங்கே?"

"கரண்ட் வேலி போடச் சொன்னீங்க, போட்டேன். மாடு வாங்கச் சொல்லவே இல்லையே, மாப்பிள்ளை!"